ரெகுலர் பி.எட். போகாம ஹைஸ்கூல் டீச்சர் ஆக முடியுமா?

நீங்க கேட்டது இதுதான்: 33 வயசு, பி.எஸ்சி. முடிச்சாச்சு, ரெண்டு புள்ளைங்க, தெனமும் காலேஜ் போயி பி.எட். படிக்க வழியில்ல, வேற ரூட்ல ஹைஸ்கூல் டீச்சர் ஆக முடியுமான்னு. முடியும். ஆனா அந்த ரூட்டு எல்லாருக்கும் தொறந்து கெடக்கல, அத முதல்லயே சொல்லிர்றேன், ஏன்னா பாதிப் பேரு "தபால்ல பி.எட். போட்டுருங்க சிஸ்டர்"னு ஒத்த வரில சொல்லிட்டு போயிர்றாங்க, நம்ம பீஸ் கட்டுற நேரத்துலதான் விஷயமே தெரியுது.

என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) ரூல் படி தொலைதூர பி.எட். சேரணும்னா ரெண்டுல ஒண்ணு வேணும். ஒண்ணு, நீங்க ஏற்கனவே ட்ரெய்னிங் முடிச்சு தொடக்கப்பள்ளில வேலை பாக்குற டீச்சரா இருக்கணும். இல்லாட்டி என்சிடிஇ அங்கீகாரம் உள்ள ஒரு ஆசிரியர் பயிற்சிய நேர்ல போயி முடிச்சிருக்கணும், அதாவது நம்ம பழைய டி.டி.எட்., இப்ப டி.எல்.எட்.னு சொல்றாங்கள்ல, அது. வெறும் டிகிரி மட்டும் கையில இருந்தா தொலைதூர பி.எட். கெடைக்காது, ரெகுலர்தான், 2015-லருந்து அதுவும் ரெண்டு வருஷம். ஒரு வருஷ பி.எட். திரும்ப வருதாம்னு வாட்ஸப்ல சுத்துறத நம்பி மட்டும் உக்காந்துராதீங்க.

எனக்கு அந்த டி.டி.எட். இருந்துச்சு, அதுவும் தற்செயலா. 2006-ல ப்ளஸ் டூ முடிச்சப்ப எங்க கீழக்கரைப் பக்கத்து கடலோர ஊர்கள்ல பொம்பளப் புள்ளைன்னா டீச்சர் ட்ரெய்னிங்தான், முடிச்சு எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சு வச்சா சீனியாரிட்டில வேலை தன்னால வந்துரும்னு எங்க அப்பா நம்புனாரு. நானும் முடிச்சேன், அப்பறம் பி.எஸ்சி. தாவரவியல், அதுவும் முடிச்சேன், வேலைதான் வரல. 2012-ல டெட்டுன்னு ஒரு ஆசிரியர் தகுதித் தேர்வு வந்துச்சு, 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் குடுத்தாங்க அந்த முதல் தடவை, கேள்விய படிக்கவே நேரம் பத்தல, நான் எடுத்தது 71. (அதுக்கப்பறம் மூணு மணி நேரமா ஆக்குனாங்க, நான்தான் வயித்துல புள்ளையோட வீட்ல இருந்துட்டேன்.)

அப்பறம் எட்டு வருஷம் பிரைவேட் நர்சரி ஸ்கூல், ட்யூஷன், மாமியாரோட கருவாடு காயப்போடுறது. வீட்டுக்காரரு நாட்டுப்படகுல தொழிலுக்கு போறவரு, மீன்பாடு நல்லாருந்தா வீட்ல சிரிப்பு, கச்சான் காத்து தூக்குச்சுன்னா நாலு நாளைக்கு யாரும் யார்கிட்டயும் பேச மாட்டோம். 2020-ல கொரோனால ஸ்கூல் மூடி அந்த நாலாயிரம் சம்பளமும் போனப்பதான் என்கூட ட்ரெய்னிங் படிச்ச ஒருத்தி போன் பண்ணி, "ஏடி, நம்ம டி.டி.எட்.ட வச்சு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல பி.எட். சேரலாம்டி, காலேஜுக்கு டெய்லி போகத் தேவையில்ல"ன்னா. இக்னோலயும் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.எட். இருக்கு, ஆனா அதுக்கு நுழைவுத் தேர்வு உண்டு, மீடியம் இங்கிலீஷ் இல்லாட்டி ஹிந்தி. நான் ஒண்ணாப்புலருந்து தமிழ்லயே படிச்சவ, அதனால யோசிக்கவே இல்ல.

இங்கதான் ஒரு வேலை செய்ங்க, அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடியே உங்க சர்டிபிகேட்ட எல்லாம் பாயில பரப்பி வச்சு பாருங்க. பத்தாவது, ப்ளஸ் டூ, ட்ரெய்னிங், டிகிரி இந்த வரிசை சரியா இருக்கணும், ப்ளஸ் டூ இல்லாம திறந்தநிலைல நேரா வாங்குன டிகிரி இங்க செல்லாது. மார்க்கும் பாருங்க, டிகிரில ஓசிக்கு 50, பிசிக்கு 45, எம்பிசிக்கு 43, எஸ்சி எஸ்டிக்கு 40 சதவீதம்னு காலேஜ் பி.எட்.டுக்கு வச்சிருக்காங்க, தொலைதூரத்துக்கு அந்தந்த வருஷ விளக்கக் குறிப்பேட்டுல பாத்துக்கோங்க. எனக்கு சிக்கல் வந்தது மார்க்குல இல்ல, இனிஷியல்ல. ப்ளஸ் டூல ஒரு இனிஷியல், ட்ரெய்னிங் மார்க் சீட்ல அப்பா பேரும் ஊர் பேருமா ரெண்டு இனிஷியல். அத சரி பண்ண ஒரு ஆபீஸுக்கு ஏழு தடவை நடந்தேன், ஒரு தடவை சீட்டுல ஆளில்ல, ஒரு தடவை சர்வர் இல்ல, ஒரு தடவை ரெண்டும் இருந்துச்சு, நான் கொண்டு போன ஜெராக்ஸ்ல பச்சை மை கையெழுத்து இல்ல. படிப்பு கஷ்டம்னு யாராச்சும் சொன்னா எனக்கு சிரிப்புதான் வரும்.

படிப்பு முதல் வருஷம் பூராம் போன்லதான் ஓடுச்சு, மொட்டமாடில தண்ணித் தொட்டி பக்கம் நின்னாதான் சிக்னல். ரெண்டாவது வருஷம் சனி ஞாயிறு மதுரைக்கு நேர்முக வகுப்பு. வெள்ளனா நாலரை பஸ்ஸுக்கு ராம்நாடு வந்து, அங்கருந்து பரமக்குடி மானாமதுரை வழியா மதுரை, திரும்ப வீடு வந்து சேர ராத்திரி பத்தாயிரும். பரமக்குடி தாண்டுனதும் நுண்ணிலைக் கற்பித்தலுக்கு, அதாவது சின்னச் சின்னப் பாடமா நடத்திப் பழகுறதுக்கு, பாடக்குறிப்பு எழுதுவேன், ரெக்கார்டு நோட்டுல பாதி எழுத்து பஸ் குலுங்குன எழுத்துதான், பாத்தாலே தெரியும்.

ஆனா நான் டீச்சர் ஆனது மதுரைல இல்ல, இங்க எங்க ஊர் ஹைஸ்கூல்ல, பயிற்சிக்கு போனப்ப. எட்டாம் வகுப்புக்கு தாவர உலகம் பாடம், பாசிகள். நான் பெரிய சார்ட்டு ஒட்டி சர்காஸம் படம் வரைஞ்சு பழுப்புப் பாசின்னு கலர் எல்லாம் அடிச்சு கொண்டு போயிருந்தேன். கடைசி பெஞ்ச்ல ஒரு புள்ளை, "டீச்சர், இது கட்டக்கோரை, எங்கம்மா இத எடுக்கத்தான் கடலுக்கு போகும்"னா. வகுப்பே திரும்பிருச்சு. மறுநாள் அந்தப் புள்ளை ஒரு கேரி பேக் நெறைய கொண்டு வந்துட்டா, கட்டக்கோரை, பக்கோடா பாசி, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, தனித்தனியா தென்னை ஓலைல முடிஞ்சு. ரூம் முழுக்க கவிச்சி. முதல் ரெண்டும் பழுப்புப் பாசி, அதுலருந்து ஆல்ஜினேட்டுங்கிற பசைப்பொருள் எடுக்குறாங்க, அடுத்த ரெண்டும் சிவப்புப் பாசி, ஜெல்லியா உறையுற அகார் அதுலருந்துதான்னு நான் கெத்தா சொல்லி முடிச்சேன். ஒரு பையன் எந்திரிச்சான். "டீச்சர், கஞ்சிப்பாசி சிவப்பாவே இல்லயே, பச்சையும் மஞ்சளுமால்ல இருக்கு?"

எனக்கு பதில் தெரியல. நாளைக்கு சொல்றேண்டான்னேன். வழிகாட்டி டீச்சர் பின்னாடி உக்காந்து குறிச்சுக்கிட்டு இருந்தாங்க, மார்க்கு போச்சுன்னே நெனச்சேன். ராத்திரி உக்காந்து தேடுனா, அந்த சிவப்பு நிறமி ஆழத்துல வெளிச்சம் கம்மியா இருக்கிற எடத்துலதான் நல்லா இருக்குமாம், நம்ம கரையோரத்துல முட்டளவு தண்ணில சுள்ளுன்னு வெயில் படுறதுல நிறமி கொறஞ்சு பச்சையா மஞ்சளா தெரியுமாம். மறுநாள் அத சொன்னேன், கூடவே அந்தக் கஞ்சிப்பாசிய நல்லா அலசி வீட்ல கொதிக்க வச்சு வடிகட்டி டிபன் பாக்ஸ்ல ஊத்தி கொண்டு போனேன், ரெண்டாவது பீரியடுக்குள்ள அது அல்வா மாதிரி உறைஞ்சு போச்சு, கவுத்தாலும் விழல. அந்தப் பையன் வெரல வச்சு குத்திப் பாத்துட்டு "அகாரா டீச்சர்"னான். வழிகாட்டி டீச்சர் என் பாடக்குறிப்புல துணைக்கருவின்னு இருந்த எடத்துல சார்ட்ட அடிச்சுட்டு அவங்க கையாலயே கஞ்சிப்பாசின்னு எழுதுனாங்க.

அதே சமயத்துல இல்லம் தேடிக் கல்வின்னு ஊருக்குள்ளயே தன்னார்வலர்கள வச்சு புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குற அரசுத் திட்டம் வந்துச்சு, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், மாசம் 1000 ரூபா. காசுக்காக நான் போகல, ஆனா பழக்கத்துக்கு அத விட நல்ல எடம் கெடைக்கல, இருவது புள்ளைங்கள ஒரு திண்ணைல உக்கார வச்சு சமாளிச்சுட்டா எந்த வகுப்பையும் சமாளிச்சுரலாம்.

பி.எட். வாங்குனா மட்டும் வேலை இல்ல, அதையும் சேத்து சொல்லணும்ல. டெட் தாள் 2 எழுதணும், ஆறுலருந்து எட்டு வரைக்கும் எடுக்க அதுதான் தகுதி. 150 கேள்வி, அதுல குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, இங்கிலீஷ் 30, மிச்சம் 60 கணக்கும் அறிவியலும். தாவரவியல் படிச்சவளுக்கு முப்பது மார்க்கு கணக்குங்கிறது எந்த ஊரு நியாயம்னு இன்னைக்கும் கேப்பேன், ஏழாம் வகுப்பு படிக்கிற என் மகன்தான் எனக்கு விகிதம் சொல்லிக் குடுத்தான். நான் எழுதுனப்ப பிசி, எம்பிசி, எஸ்சி எல்லாருக்கும் 82 போதும்னு இருந்துச்சு, பொதுவுக்கு 90. 2023 பிப்ரவரில கம்ப்யூட்டர்ல எழுதி 93 எடுத்தேன். ஒரு தடவை பாஸானா சர்டிபிகேட்டு ஆயுசுக்கும் செல்லும், முன்ன மாதிரி ஏழு வருஷக் கணக்கு இல்ல.

அதுக்கு மேல பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தனியா ஒரு போட்டித் தேர்வு வைக்குது. 2024 பிப்ரவரி 4-ல வச்சாங்க, தமிழ்த் தகுதித் தாள் 50 மார்க்கு அதுல 20 எடுத்தாத்தான் மெயின் பேப்பரையே திருத்துவாங்க. நான் தமிழ்ல தாண்டிட்டேன், தாவரவியல்ல கட் ஆப்புக்கு நாலு மார்க்கு கம்மி. அழுதேன், பொய் சொல்லல. இப்ப அதே ஹைஸ்கூல்ல பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிக டீச்சரா இருக்கேன், 15000. ஏப்ரலோட முடிஞ்சுரும், ஜூன்ல திரும்பக் கூப்பிட்டா உண்டு. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், எனக்கும் அப்பத்தான் தடைக்காலம்னு வீட்ல கிண்டல் பண்ணுவாங்க. நிரந்தரம் ஆனா அடிப்படைச் சம்பளமே 36400, அதுக்குத்தான் இவ்வளவு ஓட்டமும்.

33 வயசு லேட்டான்னு கேட்டிருந்தீங்க. அந்த 2024 டிஆர்பி தேர்வுல பொதுப்பிரிவுக்கு 53, மத்தவங்களுக்கு 58 வரைக்கும் விட்டாங்க. வயசு ஒரு பிரச்சினையே இல்ல. நீங்க டி.டி.எட். முடிச்சிருக்கீங்களா இல்லயான்னு கேள்வில சொல்லவே இல்ல, அத முதல்ல சொல்லுங்க. முடிச்சிருந்தா அந்த மார்க் சீட்டுல இனிஷியல் எத்தனை இருக்குன்னு இன்னைக்கே எடுத்துப் பாத்துருங்க.