பதில்: "அகராதியில் இல்லை" என்று 'அலைபேசி'யை ஆசிரியர் அடித்துவிட்டார், என்ன செய்வது?

வணக்கம். உங்கள் மகள் எழுதியதில் தவறில்லை. ஆசிரியர் பார்த்ததாக நீங்கள் சொல்லும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பின்னிணைப்பு 1939-இல். அப்போது அந்தக் கருவியே கிடையாதே!

அகராதி அனுமதி கொடுத்த பிறகு சொல் பிறப்பதில்லை. முதலில் மக்கள் புழங்குகிறார்கள். செய்தி, கதை, கடிதம் என்று பலர் எழுத்தில், சில ஆண்டுகள் ஒரே பொருளில் நிலைத்தால், தொகுப்பவர்கள் அந்த வாக்கியங்களைச் சேர்த்துவைத்து, அவற்றிலிருந்து பொருளை எழுதுகிறார்கள். 1992-இல் வெளிவந்த க்ரியா அகராதி இப்படி இன்றைய எழுத்திலிருந்தே தொகுக்கப்பட்டது.

பொருள் மாறுவதும் புழக்கத்தால்தான். கண்ணனின் வாயில் கற்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ என்று ஆண்டாள் சங்கிடம் ஏக்கத்தோடு கேட்கிறாள். அங்கே நாறுதல் நறுமணம். இன்று ஒருவரிடம் அப்படிச் சொன்னால் சண்டைதான் வரும். எந்த அகராதியும் உத்தரவு போட்டு இதை மாற்றவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது: 'அலைபேசி' வரும் நாலைந்து செய்தித்தாள் வரிகளை வெட்டி மகளிடம் கொடுத்தனுப்புங்கள். கூடவே அந்தப் பேரகராதி வந்த ஆண்டையும் பணிவாகச் சொல்லச் சொல்லுங்கள். மதிப்பெண் திரும்பக் கிடைக்காவிட்டாலும், அவள் அந்தச் சொல்லைக் கைவிட வேண்டாம்.