வாசகர் கேள்வி–பதில்: மின்பொறியியல் மாணவர்களுக்கு

கேள்வி: பள்ளியில் கணக்கில் நல்ல மதிப்பெண் பெற்றவள் நான். இப்போது மின்பொறியியல் முதலாமாண்டில் மாறுதிசை மின்சுற்றுகளைக் கலப்பெண்களைக் கொண்டு தீர்க்கச் சொல்கிறார்கள். விடை சரியாக வந்துவிடுகிறது. ஆனால் உண்மையாகப் பாயும் மின்னோட்டத்துக்குக் கற்பனை எண் எதற்கு என்பது விளங்கவில்லை. விளங்காமலே மேலே படிக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த ஓர் இடத்தில் மட்டும் நின்று தெளிந்துகொள்ளுங்கள். மின்னியந்திரங்கள், மின்திறன் பகிர்மானம், கட்டுப்பாட்டியல் என்று பின்னால் வரும் பாடங்கள் பலவும் இதன்மேல்தான் எழுப்பப்படுகின்றன.

ஒரு மின்தடையையும் ஒரு மின்தூண்டியையும் (கம்பிச் சுருள்) தொடராக இணைத்து, சைன் அலை தரும் மின்மூலத்தோடு சேர்த்திருப்பதாகக் கொள்வோம். வோல்ட்மீட்டர் மின்தடையின் குறுக்கே 3 வோல்ட்டும், மின்தூண்டியின் குறுக்கே 4 வோல்ட்டும் காட்டுகிறது. மூலத்தின் குறுக்கே வைத்தால் அது 7 காட்டாது, 5 காட்டும். (சுருளின் கம்பிக்கும் சிறிது தடை இருப்பதால் ஆய்வகத்தில் இம்மதிப்பு சற்றே மாறும்.) உறுப்புகளின் மின்னழுத்தங்களைக் கூட்டினால் மூலத்தின் மின்னழுத்தம் வரும் என்ற கிர்க்காஃப் விதி பொய்த்துவிடவில்லை. மின்தூண்டியின் மின்னழுத்தம் மின்தடையின் மின்னழுத்தத்தைவிடக் கால் சுழற்சி முன்னதாகவே உச்சத்தை அடைந்துவிடுகிறது. அதனால் இரண்டையும் கணத்துக்குக் கணம் கூட்டினால் விதி சரியாக இருக்கும், மீட்டர் காட்டும் சராசரி வகை மதிப்புகளைக் கூட்டினால் இருக்காது.

மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி ஆகியவை மட்டுமே உள்ள ஒரு சுற்றில் சைன் அலையைச் செலுத்தினால், தொடக்கச் சலனங்கள் அடங்கிய பிறகு, எங்கே அளந்தாலும் அதே அதிர்வெண்ணுள்ள சைன் அலையே கிடைக்கும். இடத்துக்கு இடம் மாறுபவை அலையின் அளவும், அது எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதும் ஆகிய இரண்டே. இவ்விரண்டையும் ஒரே குறியீட்டில் தாங்க வல்லது கலப்பெண். அதை ஓர் அம்பாக வரைந்தால், அம்பின் நீளம் அலையின் அளவையும், கோணம் முந்துதல் பிந்துதலையும் காட்டும். ஜே என்ற எண்ணால் (−1-இன் வர்க்கமூலம்; ‘கற்பனை எண்’ என்பது இதுதான்) பெருக்குவது அந்த அம்பை 90 பாகை திருப்புவதைத் தவிர வேறொன்றும் இல்லை. 3 கூட்டல் ஜே 4 என்ற அம்பின் நீளம் 5, கோணம் ஏறத்தாழ 53 பாகை. மேலும் வகையிடல் என்ற செயல் ஜே ஒமேகாவால் (ஒமேகா என்பது அலையின் கோண அதிர்வெண்) பெருக்குவதாக மாறிவிடுவதால், வகைக்கெழுச் சமன்பாடு எளிய இயற்கணிதமாகிறது. 1893-ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த பன்னாட்டு மின்னியல் மாநாட்டில் மின்பொறியாளர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் இம்முறையை எடுத்துரைத்தார். ‘கற்பனை எண்’ என்ற பெயரே மாணவர்களை வீணாக அச்சுறுத்துகிறது என்பது என் கருத்து. ஒரே ஒரு சுற்றை மட்டும் வகைக்கெழுச் சமன்பாட்டாலும் கலப்பெண்ணாலும் இரு வழியிலும் கையால் தீர்த்து, விடைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐயம் அன்றே தீரும்.

கேள்வி: மின்திறன் பிரிவா, மின்னணுவியலா? எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டாம் ஆண்டு முடியும் வரை முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரு மின்சார வாகனத்தில் மோட்டார், மின்கலம், திறன் மின்னணுவியல், கட்டுப்பாட்டு நிரல் எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன; இப்பிரிவுகளுக்கு இடையிலான எல்லை பாடத்திட்டத்தில் தெரியும் அளவுக்குப் பணியில் தெரிவதில்லை.

கேள்வி: எல்லாச் சுற்றுகளையும் கணினியில் சிமுலேஷன் செய்துவிட முடிகிறது. பிறகு ஆய்வகத்தில் மணிக்கணக்கில் நிற்பது எதற்கு?

பதில்: நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். 1 மெகாஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து 10 வோல்ட் நேர்திசை மின்மூலத்தோடு சேருங்கள். நடுப்புள்ளியில் 5 வோல்ட் என்று கணினி சொல்லும். 10 மெகாஓம் உள்தடை கொண்ட மல்டிமீட்டரை அங்கே வைத்தால் ஏறத்தாழ 4.76 வோல்ட் காட்டும். 1 மெகாஓம் உள்தடையுள்ள ஆசிலோஸ்கோப்பை (அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) நேரடியாக வைத்தாலோ 3.33 வோல்ட்தான் வரும். கருவி எதுவும் பழுதாகவில்லை. அளக்கும் கருவியும் சுற்றின் ஓர் உறுப்பாகிவிட்டது; கணினியில் நீங்கள் வரைந்த படத்தில் அந்த உறுப்பு இல்லை. சிமுலேஷன், நீங்கள் கொடுத்ததைத்தான் கணக்கிடும்; கொடுக்க மறந்ததை நினைவூட்டாது. மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், எந்த அளவீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எடைபோடும் பழக்கத்தை இந்தத் துறை கட்டாயமாகக் கோருகிறது. அப்பழக்கம் கருவிமுன் நிற்கும்போதுதான் வருகிறது. ஒவ்வொரு முறையும், மீட்டரைத் தொடுமுன் எதிர்பார்க்கும் மதிப்பைத் தாளில் எழுதிவையுங்கள். எழுதியதும் அளந்ததும் வேறுபட்டால் காரணம் காணாமல் அறிக்கையை முடிக்காதீர்கள்.

கேள்வி: மின்காந்தவியல் தேர்வில் தோல்வியடைந்தேன். நண்பர்கள் தேறிவிட்டார்கள். இத்துறை எனக்கு உரியதல்ல என்று தோன்றுகிறது.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் இந்த ஒரு பாடத்தை வைத்து அம்முடிவுக்கு வராதீர்கள். மின்காந்தவியலின் அடிப்படைச் சமன்பாடுகளை வகுத்த இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லின் 1865-இல் வெளிவந்த கட்டுரையில் இருந்தவை 20 சமன்பாடுகள். அவற்றை நாம் இன்று படிக்கும் நான்கு திசையன் சமன்பாடுகளாக 1880-களில் சுருக்கித் தந்தவர் ஆலிவர் ஹெவிசைடு. பதினாறு வயதில் பள்ளியை விட்டு, தந்தி இயக்குநராகப் பணியாற்றி, பல்கலைக்கழகத்தின் பக்கமே போகாமல் தாமே கற்றவர் அவர். அத்தகையவரே உழைத்து எளிமையாக்க வேண்டியிருந்த பாடம் இது.

இப்பாடத்தில் தடுமாறுபவர்களுக்குப் பெரும்பாலும் தடையாக இருப்பது மின்காந்தம் அன்று, திசையன் நுண்கணிதமே. ஒரு புள்ளியிலிருந்து புலம் எவ்வளவு வெளியேறுகிறது என்பதை ‘விரிதல்’ (divergence) என்ற அளவும், அப்புள்ளியைச் சுற்றி எவ்வளவு சுழல்கிறது என்பதைச் ‘சுழல்’ (curl) என்ற அளவும் அளக்கின்றன என்பதை நீரோட்டத்தைக் கொண்டு மனத்தில் படமாக்கிக்கொள்ளுங்கள். பிறகு மூன்று அமைப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மின்னூட்டம் பெற்ற கோளம், மின்னோட்டம் பாயும் நீண்ட கம்பி, இணைத்தட்டு மின்தேக்கி. இவற்றின் புலங்களைப் புத்தகத்தைப் பார்க்காமல் வருவிக்க முடிந்த பிறகு, தோல்வியுற்ற அதே வினாத்தாளை மறுபடியும் எழுதிப் பாருங்கள். எந்த வினாவில் நிற்கிறீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு வினாவுடன் உங்கள் பேராசிரியரைச் சந்தியுங்கள்.