சமையல் சோடாவும் மூக்கின் அமிலமும்

கேள்வி: எனக்கு 46 வயது. சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு. மூக்கில் காரத்தன்மை கூடினால் கிருமி அண்டாது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதை நம்பிச் சமையல் சோடா நிறையக் கரைத்த நீரால் தினமும் பலமுறை மூக்கைக் கழுவுகிறேன். இப்போது எரிகிறது. நிறுத்திவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: சோடாவை அள்ளிப் போடுவதை இன்றே நிறுத்துங்கள். கழுவுவதைத் தொடரலாம்.

மூக்கின் உட்படலம் நல்ல நிலையில் இலேசான அமிலத்தன்மையோடுதான் இருக்கும். அமில-கார அளவான பிஎச் பெரும்பாலும் 5.5 முதல் 6.5 வரை (7க்குக் கீழே என்றால் அமிலம்). செல்களின் சவ்வில் பதிந்துள்ள சில புரதங்கள் இதைக் கவனித்துக்கொள்கின்றன. சி.எஃப்.டி.ஆர். என்பது குளோரைடும், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் வெளியேறும் வழி. பென்ட்ரின், குளோரைடை உள்ளே வாங்கிக்கொண்டு பைகார்பனேட்டை வெளியே தரும். ஏ.டி.பி.12ஏ என்ற பம்பு நேரெதிர். இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புக்கு உறவான அது அமிலத்தை வெளியே தள்ளுகிறது. இந்த இழுபறியில்தான் அளவு நிற்கிறது.

பைகார்பனேட் குறைந்தால் சளி விரியாமல் கெட்டிப்படும். பிறவியிலேயே சி.எஃப்.டி.ஆர். பழுதாகும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் நடப்பது அதுதான். அதே பழுதை எலிகளுக்கு உண்டாக்கினால் மனிதர்களைப் போல் நுரையீரல் கெடுவதில்லை. எலியின் மூச்சுக்குழாயில் அந்த அமிலப் பம்பு மிகக் குறைவு என்பதே காரணம் என 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. பயப்படாதீர்கள், ஆசியர்களிடையே இந்த நோய் அரிது. உங்கள் தும்மலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

‘சமையல் சோடாவும் பைகார்பனேட்தானே?’ என்று கேட்பீர்கள். ஆம், ஆனால் ஊற்றியது நிற்காது. மூக்கின் முன்புறம் சாக்கரின் துணுக்கு ஒன்றை வைத்தால் சுமார் இருபது நிமிடங்களுக்குள் தொண்டையில் இனிக்கும்; நுண்மயிர்கள் அவ்வளவு விரைவாகச் சளியைப் பின்னே தள்ளுகின்றன. சோடாவும் அதே வழியில் போய்விடும், எரிச்சல் மட்டும் தங்கும்.

கொதிக்கவைத்து ஆறிய 240 மில்லிலிட்டர் நீரில், அயோடின் சேர்க்காத உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகவும், உப்புநீர் உறுத்தாமலிருக்கச் சோடா ஒரு சிட்டிகையும் போதும். நாளுக்கு இரு முறை கழுவுங்கள். குழாய் நீர் குடிக்க நல்லதுதான். மூக்குக்கு மட்டும் கொதிக்கவைத்தே ஆகவேண்டும்.

காலைத் தும்மலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது மெத்தையிலுள்ள தூசிப்பூச்சியை. நம் ஊர் ஈரப்பதம் அதற்குக் கொண்டாட்டம். படுக்கை விரிப்பை வாரந்தோறும் வெந்நீரில் துவையுங்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பு பற்றிக் கேளுங்கள். நாள்தோறும் போட்டால்தான் பலன், அதுவும் சில நாள் கழித்தே தெரியும். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

ஒரு பக்கத்தில் மட்டும் அடைப்பு, இரத்தம் கலந்த சளி, ஒரு காது மந்தம் இவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள்.