இறக்கத்தில் முன் டியூப் வெடித்ததற்குப் பதில்

வணக்கம் நண்பரே. மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்குச் சைக்கிளில் இறங்கும்போது ரிங்லெட் ஊரைத் தாண்டி முன் டியூப் வெடித்தது, டயரில் கீறலே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். டியூபில் ஓட்டை ரிம் (சக்கர வளையம்) பக்கமாக, ஸ்போக் கம்பித் துளைக்கு நேராக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டயரை மாற்றிப் பயனில்லை.

பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே மெதுவாக இறங்கினால் ரிம் கொதிக்கும். உள்ளே காற்றழுத்தம் ஏறும், ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் பிளாஸ்டிக் ரிம் டேப் இளகும், டியூப் அந்தத் துளைக்குள் பிதுங்கி வெடிக்கும். பருத்தித் துணி டேப் வாங்கி ஒட்டுங்கள். எல்லாத் துளையும் முழுக்க மூடியிருக்க வேண்டும். ஓரத்தில் நகக்கண் அளவு இடைவெளி தெரிந்தாலும் கழற்றி மறுபடி ஒட்டுங்கள். 25 மிமீ அகல டயரில் காற்றழுத்தம் 110 பிஎஸ்ஐ வேண்டாம். 70 கிலோ ஆளுக்கு 80 போதும்.

நேர்ப்பாதையில் பிரேக்கை விட்டு நிமிர்ந்து உட்காருங்கள், காற்றே வேகத்தைத் தடுக்கும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். வழியிலுள்ள லாத்தா இஸ்கண்டார் அருவியில் கட்டாயம் நில்லுங்கள், ரிம் ஆறட்டும். ரிம்மை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும்.

பிரேக் கட்டையில் மின்னும் அலுமினியத் துகள் பதிந்திருந்தால் ஊசியால் கிளறி எடுங்கள், அது ரிம்மை அறுக்கும். மழையில் பிரேக் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும், முன்கூட்டியே அழுத்துங்கள். கார்பன் ரிம் என்றால் தயவுசெய்து இந்த மலைக்குக் கொண்டுவராதீர்கள்.