ஸ்மார்ட் போர்டுல வீடியோ போடுறதோட நிக்குது, அடுத்து என்ன செய்யலாம்?

கேள்வி: மண்டபம் பக்கத்துல ஒரு நடுநிலைப் பள்ளியில எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்குறேன். ஸ்மார்ட் போர்டு வந்துருச்சு, ட்ரெயினிங்கும் போயிட்டு வந்துட்டேன், ஆனா வீடியோ போடுறதத் தாண்டி எதுவும் செய்யத் தெரியல. பிள்ளைங்க அமைதியா பாக்குதுங்க, மறுநாள் கேட்டா முழிக்குதுங்க. நெட்டும் அடிக்கடி போயிருது. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

பதில்: டீச்சர், இன்னும் எத்தன ஆப் கத்துக்கணுமோன்னு மலைக்காதீங்க. பிள்ளைங்க எந்தப் பாடத்துல வருஷா வருஷம் சறுக்குதுங்களோ அந்த ஒரு பாடத்த மட்டும் எடுத்துக்கிட்டு, அதுக்கு போர்டால என்ன செய்ய முடியும்னு பாருங்க. மிஸ்ரா, கோலர்னு ரெண்டு கல்வி ஆராய்ச்சியாளருங்க 2006ல எழுதினதும் இதத்தான், பாட அறிவு, சொல்லிக்கொடுக்குற அறிவு, தொழில்நுட்ப அறிவு மூணும் ஒண்ணா சேரணும். முதல் ரெண்டும் உங்ககிட்ட ஏற்கனவே இருக்கு, அது சின்ன விஷயம் இல்ல.

விசையும் அழுத்தமும் பாடத்தையே எடுத்துக்குவோம். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும்னு எல்லாப் பிள்ளையும் எழுதிரும். உங்க கடற்கரையில சங்கு குளிக்கப் போறவங்க வீட்டுப் பிள்ளை வகுப்புல இருந்தா, அடியில போறப்ப அப்பாவுக்கு காது என்ன பண்ணும்னு கேளுங்க, வலிக்கும் அடைக்கும்னு உடனே சொல்லும், ஆனா அதுவும் புக்குல இருக்குறதும் ஒண்ணுதான்னு அதுக்குத் தோணியே இருக்காது. கடல்ல 10 மீட்டர் இறங்கினா கிட்டத்தட்ட இன்னொரு வளிமண்டல அழுத்தம் மேல ஏறிக்குது, காது வலிக்காம என்ன செய்யும்.

இப்ப போர்டுக்கு வாங்க. அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துற ஃபெட் தளத்துல அண்டர் பிரஷர்னு ஒரு சிமுலேஷன், அதாவது திரையிலயே செஞ்சு பாக்குற சோதனை, இருக்கு, இலவசம்தான், வீட்டுல நெட் இருக்கப்பவே டவுன்லோடு பண்ணி பென் டிரைவ்ல போட்டுக்கிட்டா வகுப்புல நெட்டே வேண்டாம். தண்ணி மட்டத்துல அழுத்தமானிய வெச்சா ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல் காட்டும், 1 மீட்டர் கீழ இழுத்தா 111 ஆகும். அங்கயே நிறுத்திருங்க. 2 மீட்டர்ல எவ்வளவு வரும்னு எல்லாரும் நோட்டுல எழுதினதுக்கு அப்புறம்தான் கைய நகத்தணும், எழுதினத யாரும் அழிக்கக் கூடாது. அடுத்து அகலமான தொட்டி, குறுகலான தொட்டி ரெண்டுலயும் ஒரே ஆழம், எதுல அழுத்தம் அதிகம்னு கேளுங்க. தண்ணி நிறைய இருக்குற அகலத் தொட்டிலதான்னு பாதிப் பேரு சொல்லும், சண்டை போடட்டும், அந்தச் சத்தம்தான் உங்களுக்கு வேணும். அதுக்கப்புறம் அழுத்தமானிய வெச்சு ரெண்டும் சமம்னு காட்டுனா அந்தப் பிள்ளைக்கு மறக்கவே மறக்காது.

கரண்ட் போச்சா, பாட்டில்ல மேல, நடுவுல, கீழன்னு மூணு ஓட்டை போட்டு தண்ணி ஊத்துங்க. இங்க ஒரு விஷயம் கவனிக்கணும், பாட்டில தரையில வெச்சா கீழ்ஓட்டைத் தண்ணி தூரமா போய் விழாது, நடு ஓட்டைத் தண்ணிதான் தூரம் போகும், ஏன்னா கீழ இருக்குறது வேகமா வந்தாலும் விழ நேரம் இல்லாம தரையத் தொட்டுரும். நிறைய படத்துல இத தப்பாத்தான் வரைஞ்சு வெச்சிருக்காங்க. அதனால பாட்டில பெஞ்சு ஓரத்துல வெச்சு தண்ணிய தரை வரைக்கும் விழ விடுங்க, இல்லாட்டி ஓட்டைய விட்டு வெளிய வர்ற இடத்த மட்டும் உங்க போன்ல ஸ்லோமோஷன்ல எடுத்து பிறகு போர்டுல போட்டுக் காட்டுங்க. அவங்க ஊத்தின தண்ணிய அவங்களே மெதுவா பாக்குறப்ப கேள்வி தானா வரும்.

வீடியோவ மொத்தமா கைவிடவும் வேண்டாம். ரெண்டு நிமிஷம் போதும், சத்தத்த அணைச்சுட்டு ஒரு பிள்ளைய எழுப்பி என்ன நடக்குதுன்னு சொல்லச் சொல்லுங்க, புரிஞ்சதா இல்லையான்னு அங்கயே தெரிஞ்சுரும். 2018ல இருந்து வந்த புதுப் புத்தகங்கள்ல இருக்குற கியூஆர் கோடு, 2023ல வந்த பள்ளிக் கல்வித்துறையோட மணற்கேணி ஆப் இதுலயெல்லாம் தேவையானத முன்னாடியே பாத்து வெச்சுக்குங்க. உப்புக்காத்துல கேபிள் முனை சீக்கிரம் பச்சை பிடிச்சுரும், மூடி போட்டு வைங்க.

ஒரு பாடம் முடிஞ்சா எந்தக் கேள்விக்கு எத்தன பேரு தப்பா யூகிச்சாங்கன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. பக்கத்துப் பள்ளி ஆசிரியருங்க எல்லாம் கூடுற குறுவள மையக் கூட்டத்துல அத எடுத்துக் காட்டுங்க, பக்கத்து ஸ்கூல் சாருக்கும் அதே இடத்துலதான் சிக்கியிருக்கும், ரெண்டு பேரும் சேந்து அடுத்த பாடத்துக்கு யோசிக்கலாம்.

அடுத்து ஒலிப் பாடம் வரும்ல, அதுக்கு வெளிய தேட வேண்டாம். விசைப்படகுக்கு ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், ஸ்கூல் திறந்த புதுசுல பல அப்பாக்கள் கரையிலதான் இருப்பாங்க, ஒலிய அனுப்பி ஆழத்த அளக்குற எக்கோ சவுண்டர் கருவி தெரிஞ்ச ஒருத்தர ஹெச்எம்கிட்ட சொல்லிட்டு வகுப்புக்கு கூப்பிடுங்க. கடல் தண்ணியில ஒலி நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போகும், எதிரொலி 0.02 நொடியில திரும்புனா போக வர 30 மீட்டர், அதுல பாதி, ஆழம் 15 மீட்டர். கணக்க பிள்ளைங்க போர்டுல போடட்டும், சரியான்னு அவரு சொல்லட்டும்.