கற்பனை உலகில் இறந்தவர்கள் எங்கே போவார்கள்?

நம் திருகோணமலை போன்ற துறைமுகத்தில் நடக்கும் மாயக்கதைக்கு ஆவியுலகை எப்படி அமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியாவிலிருந்து தொடங்குங்கள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்று ஊரில் சொல்லும் 7 வெந்நீர்க் கிணறுகள் அங்கே அருகருகே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் உடம்பே அதைச் சொல்லும்.

அதையே விதியாக்கலாம்: இறந்தவர் ஏழு நீரையும் கடக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு நினைவு கரையும். அம்மாவின் முகம் எந்தக் கிணற்றில் போகிறது? கதை அங்கேதான் இருக்கிறது. ஆவிகளின் சக்தி, படிநிலை எல்லாம் அப்புறம். உயிரோடிருப்பவர்கள் சடங்கைச் செய்யாமல் விட்டால் இறந்தவர் நாலாவது கிணற்றடியிலேயே நின்றுவிடுகிறாரா, வீடு திரும்புகிறாரா என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.