திரியா, மின்குமிழா? விளக்கீட்டுக் கூடுகளுக்குப் பொருள் தெரிவு

கேள்வி: தரம் 4, 5 மாணவரைக் கொண்டு கார்த்திகை விளக்கீட்டுக்குக் கழிவுப் பொருள்களில் விளக்குக் கூடுகள் செய்விக்கவுள்ளோம். சென்ற ஆண்டு யோகட் கோப்பைக் கூடு ஒன்று தீப்பற்றியது. தாள் கூடுகள் மழையில் பசை விட்டன. எவற்றைப் பயன்படுத்தலாம்? (ஆசிரியை, களுவாஞ்சிகுடி)

பதில்: கூட்டைச் செய்து முடித்த பின்னர் விளக்கைப் பற்றி யோசிப்பதே இரண்டு தொல்லைகளுக்கும் மூலம். உள்ளே எரிவது திரியா மின்குமிழா என்பதை முதலில் முடிவு செய்தால், பொருளும் முடிவாகிவிடும்.

திரி என்றால் தகரப் பேணி மட்டுமே. அதிலும் மூடியை நெம்பித் திறக்கும் பால்மாப் பேணி நல்லது. மீன் ரின்னில் உள்ளதுபோல வெட்டிய விளிம்பு இதில் இல்லாததால் கையைக் கிழிக்காது. வெறும் பேணியில் ஆணி அடித்தால் தகரம் நசுங்கும். ஆகவே ஈரமணலை வாய்வரை இறுக்கி நிரப்பி, பக்கவாட்டில் படுக்கவைத்து, கோலப் புள்ளிகளைப் போல வரைந்த குறிகளின் மேல் துளையிட வேண்டும். புள்ளி வைப்பது பிள்ளைகளின் வேலை, சுத்தியல் பெரியவர்களின் வேலை. அடிப்பக்கத்திலும், பின்னர் இடும் மணல் மூடாத உயரத்தில், சில துளைகள் இருந்தால்தான் சுடருக்குக் காற்றுக் கிடைக்கும். பின்னர் இரண்டு விரற்கடை மணலை மட்டும் உள்ளே விட்டு அதன்மேல் சிட்டியை (சிறு மண்விளக்கை) வைத்து, நூலுக்குப் பதிலாகக் கம்பியில் தொங்கவிடுங்கள்.

பிளாஸ்டிக் போத்தல், யோகட் கோப்பை, தாள் ஆகியவற்றுக்கு மின்குமிழே பொருந்தும். சோடாப் போத்தல் 70 பாகை செல்சியசு அளவிலேயே இளகத் தொடங்கும். (கழிவுப் பொருள் கேட்டால், புதிதாகச் சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் போத்தலை அனுப்பும் வீடுகளும் உண்டு, முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.) வெள்ளை எல்இடி ஒன்றின் நீண்ட காலை நேர்முனையில் இணைத்தால், 1.5 வோல்ற்று பென்டோர்ச் பற்றரி இரண்டு போதும். பொத்தான் போன்ற சிறு பற்றரியைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

விளக்கீடு நம் பகுதிக்கு மாரி மழையோடு வருவதால், தாள் கூட்டில் கோதுமை மாப்பசையை மட்டும் நம்பாமல், ஈர்க்குச் சட்டத்தின் மேல் தாளின் ஓரத்தை மடித்து நூலால் கட்டுங்கள். ஒட்டியது காய்ந்த பின் தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசினால், அது தாளின் நுண்துளைகளை நிரப்பி ஒளியை நன்றாகக் கடத்தும், தூறலும் சட்டென ஊறாது. எண்ணெய்த் தாளின் அருகே சுடர் கூடவே கூடாது.

விழா முடிந்ததும் வெளியே கிடக்கும் கோப்பைகளில் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும் என்பதால், செய்யும்போதே ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துளை இட்டுவிடுங்கள்.